கூர்ந்து படிக்க வைப்பது பாலினமா, பொறுப்பா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

பெண் விளம்பரத்தின் ஒவ்வொரு வரியையும் அலசுவாள், ஆணோ கண்ணில் பட்ட முதல் குறிப்பைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்துவிடுவான், இது அவரவர் இயல்பு என்றார் எதிரணித் தலைவர். சான்றாக ஆய்வாளர் ஜோன் மேயர்ஸ்-லெவியைக் காட்டினார். அந்தச் சான்றை நான் மறுக்கப் போவதில்லை. அதைக் கடைசி வரை படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவரும் துரைராஜ் மகேஸ்வரனும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் பல வேளைகளில் நுணுக்கங்களைக் கூடுதலாக அலசினார்கள் என்பது உண்மை. ஆனால் செய்தியின் தன்மையோ, கொடுத்த வேலையோ கூர்ந்த கவனத்தைக் கோரியபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது என்பதும் அதே ஆய்வின் முடிவுதானே! தேவை வந்தவுடன் காணாமல் போவதை இயல்பு என்று எப்படி அழைப்பது, நடுவர் அவர்களே?

கவனத்தை எழுப்புவது எது? 1983-இல் ரிச்சர்ட் பெட்டி, ஜான் காசியோப்போ, டேவிட் ஷூமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சவர ரேசர் விளம்பரத்தை வைத்துச் சோதித்தார்கள். ரேசர் வகைகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள், விளம்பரத்தின் வாதம் வலுவானதா என்று எடைபோட்டார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும் தேவை இல்லாதவர்களிடம் எடுபட்டது விளம்பரத்தில் தோன்றியவரின் புகழ். தனக்கு வேண்டிய பொருள் என்றால் வாதம், வேண்டாத பொருள் என்றால் முகம்!

இப்போது வாழ்க்கைக்கு வாருங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையின் தகப்பன் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் எடுக்கிறான். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை அவன் பார்ப்பதில்லை. பொட்டலத்தைத் திருப்பி, மூலப்பொருள் பட்டியலைத் தொடக்கம் முதல் இறுதி வரை படிக்கிறான். நேற்று வாங்கிய அதே பொட்டலமானாலும் இன்றும் படிக்கிறான், ஏனென்றால் தயாரிப்பு முறை மாறியிருக்கலாம். தாய் படிப்பதற்கும் இவன் படிப்பதற்கும் என்ன வேறுபாடு? குடும்பத்தின் காப்பீட்டுப் பத்திரத்தில், கணவன் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில் படிக்காமலே கையெழுத்திடும் பெண்ணும் இருக்கிறாள். எதிரணி சொல்லும் அலசும் இயல்பு அங்கே எங்கே போனது? வீட்டில் எந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்ததோ, அதைப் பற்றிய தகவலை அவர் படிக்கிறார். சமையலறையைப் பெண்ணுக்கும் பணப் பத்திரங்களை ஆணுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பிரிவினையின் விளைவை மூளையின் மேல் ஏற்றுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் 46-ஐத் திரட்டிப் பார்த்தார். அவற்றில் இருந்த பாலின வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவை, அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை. வேறுபாடே இல்லை என்று நான் வாதாடவில்லை. கூர்ந்து படிக்கும் ஆற்றல் இருவருக்கும் உண்டு, அதை எழுப்புவது பொறுப்பு என்கிறேன்.

இயல்பு என்ற பேச்சை நம்பும் விற்பனையாளர், ஆணுக்கு ஒரு முழக்கம் போதும் என்று மருந்தின் பக்கவிளைவைப் பொடி எழுத்தில் ஒதுக்கிவிடலாம். பெண்ணுக்குத் தரும் கடன் படிவத்தில், எப்படியும் படித்துவிடுவாள் என்று நிபந்தனைகளைக் குவிக்கலாம். இரண்டிலும் ஏமாறுவது மனிதர்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும்: அந்தத் தகப்பனைப் பட்டியல் முழுவதையும் படிக்க வைத்தது எது?