தமிழ்நாட்டுக்குள் கேரள அரசின் அரண்மனை: பத்மநாபபுரம் கதை

(காட்சி: தக்கலை கடைவீதி, பிறகு கோட்டைச் சுவர்)

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் தக்கலை வரும். அங்கே உள்ளே திரும்பினால் பத்மநாபபுரம் கோட்டை. ஊர் தமிழ்நாடு, நகராட்சி தமிழ்நாடு. ஆனால் கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையில் டிக்கெட் கொடுப்பவர் கேரளத் தொல்லியல் துறை ஊழியர். எப்படி வந்தது இந்த ஏற்பாடு?

(காட்சி: பழைய திருவிதாங்கூர் வரைபடம்)

இந்த ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரம் இதுதான். 1741-இல் பக்கத்துக் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட தளபதி டி லனாயைத் தண்டிக்கவில்லை. தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்துவிட்டார்! 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. மர வேலைப்பாடுகளோடு அரண்மனை இங்கேயே நின்றது.

சரி, எல்லை எப்போது மாறியது? சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். முன்னால் நின்றவர் வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. அப்போது முதல்வர் பட்டம் தாணு பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டவர்களில் முக்கியமானவர், அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. சொந்தக் கட்சி ஆட்சியைப் பார்த்து இப்படிக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலிக்கு வந்தது. கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் மேடைகளில் ஒலிக்கும்.

(காட்சி: உப்பரிகை மாளிகை)

நிலம் இந்தப் பக்கம் வந்தும் அரண்மனை மட்டும் கேரளத்தின் கையிலேயே தங்கிவிட்டது. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை என்பேன். இவ்வளவு பழைய மரக் கட்டடத்தை ஈரக்காற்றிலும் மழையிலும் காப்பாற்றுவது லேசான வேலையா? அதை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

அப்புறம், எல்லைக் கோட்டைக் கண்டுகொள்ளாத வழக்கம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு நவராத்திரிக்கும், கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் இந்த அரண்மனைச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். மன்னரின் உடைவாளும் கூடவே போகும். இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். திருவிழா முடிந்ததும் மூவரும் ஊர் திரும்புவார்கள்.

(காட்சி: உதயகிரிக் கோட்டை)

பார்க்கப் போகிறவர்களுக்கு: அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அருகே புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை; அதையும் விட்டுவிடாதீர்கள். டி லனாயின் கல்லறை அங்கேதான். கல்வெட்டில் லத்தீனோடு தமிழும் இருக்கும். அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு வனத்துறை.