'ஆரு ஷா' முதல் பாகம்: டர்பன் வாசகர்கள் தொடுத்த வழக்குகள்

அன்பார்ந்த நேயர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என் வணக்கம்.

இன்றைய காணொளி முழுவதும் ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றியது. ரோஷனி சோக்ஷி எழுதி 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' என்னும் ஆங்கில நாவல்தான் அது. மகாபாரதத்தின் பாண்டவர்களை அடிப்படையாகக் கொண்ட ஐந்து பாகங்களில் இது முதல் பாகம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பதின்வயதுப் பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்களும், வகுப்பு முடியும்வரை வாசலில் அமர்ந்திருக்கும் ஆயாக்களில் சிலரும் இந்தப் புத்தகத்தைக் கைமாற்றிப் படித்திருக்கிறார்கள். படிக்க இயலாத ஆயாக்களுக்குப் பேரப்பிள்ளைகள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் சொன்ன கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவில் வெளிப்படும் இரண்டு இரகசியங்களை மட்டும் நான் உடைக்க மாட்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், தன் தாய் பொறுப்பு வகிக்கும் ஓர் அருங்காட்சியகத்திலேயே குடியிருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஆரு, பள்ளித் தோழர்களுக்கு முன்னால் தன்னைப் பெரிய இடத்துப் பெண்ணாகக் காட்டிக்கொள்ள ஓயாமல் பொய் சொல்பவள். அந்தப் பொய்களைக் கையும் களவுமாகப் பிடிக்க மூன்று மாணவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்போது, தப்பிக்க வேறு வழியில்லாமல், தொடக்கூடாது என்று தாய் எச்சரித்திருந்த பாரத விளக்கை அவள் ஏற்றிவிடுகிறாள். விளக்கில் அடைபட்டிருந்த 'உறங்குபவன்' விடுபடுகிறான், காலம் உறைகிறது, தாயும் தோழர்களும் சிலையாகிறார்கள். தான் அருச்சுனனின் ஆன்மாவைச் சுமந்து பிறந்தவள் என்பதும், இந்திரனே தன் தெய்வத் தந்தை என்பதும் அதற்குப் பிறகே ஆருவுக்குத் தெரியவருகின்றன. தருமனின் ஆன்மாவோடு பிறந்த மினி என்ற பயந்த சுபாவமுடைய பெண்ணும், பூ என்று அழைக்கப்படும் ஒரு புறாவும் துணைவர, அவள் எமலோகம் வரை செல்கிறாள்.

முதல் வழக்கு, இது 'பெர்சி ஜாக்சன்' வரிசையின் நகல் என்பது. இதை அதிகமாகச் சொன்னவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 2005இல் வெளிவந்த அந்த வரிசையின் முதல் பாகத்திலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் தன் தந்தை ஒரு கடவுள் என்று அறிகிறான். அவனும் பாதாள உலகத்துக்குச் செல்கிறான். கெடு வைத்த காலத்துக்குள் திரும்புகிறான். அந்த வரிசையை எழுதிய ரிக் ரியார்டன் பெயரில் தொடங்கப்பட்ட பதிப்பு வரிசையின் முதல் வெளியீடே ஆரு ஷா என்பதால், அட்டையில் அவர் பெயரைப் பார்த்து அவரே எழுதியது என்று நினைத்து வாங்கிய பெற்றோரும் உண்டு. அவர் எழுதியது முன்னுரை மட்டுமே. எனினும் எலும்புக்கூடு ஒன்றாக இருப்பதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. வயது குறைந்த வாசகருக்குத் தெரிந்த பாதை ஒன்று வேண்டியிருக்கிறது. அந்தப் பாதையில் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வழக்குத்தான் வகுப்பு வாசலில் குரல்களை உயர்த்தியது. பாண்டவர்களைப் பெண்பிள்ளைகளாக்கலாமா? வியாசர் சொல்லாததைச் சொல்லலாமா? எமனுடைய கோட்டைக்குச் சாவி தேட அழகு நிலையத்துக்குப் போகலாமா? ஒரு தந்தை, நல்ல படிப்பாளி, புத்தகத்தைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டதாகவும், பிள்ளைகள் இதையே உண்மையான பாரதம் என்று நம்பிவிடுவார்கள் என்று அஞ்சுவதாகவும் சொன்னார். அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். அவருடைய வாதத்தை ஏற்க இயலவில்லை.

ஏனென்றால், தமிழர்களாகிய நாம் பாரதத்தை ஒருபோதும் வியாசர் வைத்த இடத்திலேயே விட்டுவைத்ததில்லை. வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அதைத் தமிழாக்கும்போது தமக்கு வேண்டியபடி சுருக்கினார், விரித்தார். மதுரையை ஆண்ட அல்லி அரசாணியை அருச்சுனன் சூழ்ச்சி செய்து மணந்த கதை வடமொழிப் பாரதத்தில் இல்லை. நம் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் அது தலைமுறை தலைமுறையாக விற்றிருக்கிறது. பாரதியார் 1912இல் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகத்தை வெளியிட்டபோது, சபையில் நின்று நீதி கேட்கும் பாஞ்சாலியைப் பாரத நாட்டின் உருவமாகவே கண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐவரின் மனைவியாகிய திரௌபதியைத் தெய்வமாக்கி, அவள் பெயரில் கோயில் எழுப்பி, அவளுக்காகத் தீ மிதிப்பவர்கள் நாம். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்த காலம் தொட்டுக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த மக்கள், அந்த வழக்கத்தையும் டர்பனை உள்ளடக்கிய இந்த நேட்டால் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பெரிய வெள்ளியன்று தீமிதியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், பாரதத்தை யாரும் மாற்றக்கூடாது என்று சொல்வது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

பெண்பிள்ளைகளாக்கியதைப் பற்றிய கோபத்துக்குப் பாரதத்திலேயே பதில் இருக்கிறது. விராட நகரில் ஓர் ஆண்டு முழுவதும் அருச்சுனன் பிருகந்நளையாக அந்தப்புரத்தில் இருந்து இளவரசி உத்தரைக்கு நடனம் கற்பித்தான். பீஷ்மரை வீழ்த்த முன்னால் நின்ற சிகண்டி பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் மாறியவர். ஆன்மாவுக்கு ஆண், பெண் என்ற கணக்கு இல்லை என்று கோயிலில் கேட்டுவிட்டு வந்து, அந்த ஆன்மா ஒரு சிறுமியிடம் இருப்பதாகக் கதை சொன்னால் முகம் சுளிப்பது எந்த நியாயம்?

மூன்றாவது வழக்கு நகைச்சுவையைப் பற்றியது. ஒவ்வொரு பக்கத்திலும் திரைப்படம், கடை, பொம்மை, பாட்டு என்று அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் உடனே புரியும் கிண்டல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தேவர்களும் அசுரர்களும் பொருள் வாங்கும் இரவுச் சந்தை மனிதர் கண்ணுக்கு ஒரு பெரிய மொத்த விற்பனைக் கடையாகத் தெரிகிறது என்ற கற்பனையைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பக்கத்துக்கு இரண்டு என்ற கணக்கில் சிரிப்பு வரும்போது கதை மூச்சுவிட இடமில்லாமல் போகிறது என்று ஒரு மாணவி சொன்னாள். இதற்கு எதிராக ஓர் ஆயா எழுப்பிய வாதம் என்னை யோசிக்க வைத்தது. தாம் சிறுமியாக இருந்தபோது விடிய விடிய நடந்த தெருக்கூத்தில் கட்டியக்காரன் இடையிடையே வந்து, துரியோதனனையே முதலாளியைப் போல் கேலி செய்வான் என்றும், தோட்டத்துச் சம்பளத்தைப் பற்றிக்கூடச் சபைக்கு நடுவில் பேசுவான் என்றும், அப்போது யாரும் பாரதம் கெட்டுவிட்டது என்று சொன்னதில்லை என்றும் அவர் சொன்னார். அந்தக் கூத்தை இங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று அழைத்து வந்தார்கள் என்பதை இளைய நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

ஆயாவின் வாதம் பாதி வெல்கிறது. கட்டியக்காரன் இன்றைய பேச்சைப் பேசலாம். ஆனால் துகிலுரியும் காட்சி வரும்போது அவன் ஒதுங்கி நிற்பான்; பாஞ்சாலியின் அழுகைக்கு நடுவே அவன் வாய் திறப்பதில்லை. சோக்ஷியின் புத்தகத்தில் கட்டியக்காரன் ஒதுங்கும் இடங்கள் மிகக் குறைவு. தாயை உறைந்த நிலையில் விட்டுவிட்டு ஆரு புறப்படும் இடத்தில் எனக்குத் துக்கம் வரவேண்டும். அவள் உடுத்தியிருக்கும் ஸ்பைடர்மேன் இரவு உடையைப் பற்றிய கிண்டல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இதனோடு சேர்ந்த இன்னொரு குறையை வாசகர்கள் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். இந்த முதல் பாகத்தில் தெய்வங்கள் பெரும்பாலும் பரிசுப் பொருள் தரும் பெரியவர்களாக நின்றுவிடுகிறார்கள். இந்திரன் மகளுக்கு ஒரு பொன்னிறப் பந்து, எமதருமராசன் மகளாகிய மினிக்கு ஒரு சிறு முகப்பூச்சுக் கண்ணாடி. பாரதத்தில் தெய்வம் தரும் ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலை உண்டு. கர்ணன் கவசத்தைக் கொடுத்துத்தான் இந்திரனிடம் வேலாயுதத்தைப் பெற்றான், அதையும் ஒரே ஒரு முறைதான் எறிய முடிந்தது. அந்தக் கணக்கு இங்கே தளர்ந்துவிட்டது.

இத்தனையும் சொன்ன பிறகும் இந்தப் புத்தகத்தை நான் பிள்ளைகளிடம் கொடுப்பதற்குக் காரணமான ஓர் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமலோகத்துக்குள் சிறுமிகள் இருவரும் மயன் கட்டிய மாயமாளிகையை அடைகிறார்கள். துரியோதனன் தண்ணீரைத் தரையென்று எண்ணி விழுந்த அதே மண்டபம். நாம் அறிந்த கதையில் சூதாட்டம் முடிந்தபின் அந்த மாளிகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாண்டவர்கள் காட்டுக்குப் போனார்கள், போர் நடந்தது, கதை அவர்கள் பின்னாலேயே போய்விட்டது. சோக்ஷி மட்டும் திரும்பிப் பார்த்து, தன்னை விட்டுவிட்டுப் போனவர்களுக்காக அந்த வீடு இத்தனை காலம் காத்திருந்தால் அதன் மனம் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். மாளிகை கோபப்படுகிறது, பாண்டவர்களின் ஆன்மாவோடு வந்திருக்கும் பிள்ளைகளைத் தன் மாயைகளால் சோதிக்கிறது, பின்னர் அடங்கி, தன்னிலிருந்து ஒரு சிறு ஓட்டுக்கல்லை அவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் டர்பனின் கிளேர்வுட்டிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் இந்தியக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்ட வரலாற்றைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த ஒரு பெண், இந்த அத்தியாயத்தைத் தன் தாத்தாவுக்குப் படித்துக் காட்டியதாகச் சொன்னாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த அத்தியாயத்தை மறுபடியும் படிக்கச் சொன்னாராம். எங்களிடையே வந்த கருத்துகளில் மிகக் கூர்மையானது அதுவென்றே எண்ணுகிறேன்.

மினியைப் பற்றி ஒரு சொல். தன் அண்ணனே பாண்டவனாக இருப்பான் என்று குடும்பம் முழுவதும் நம்பியிருக்க, தேர்வு தன்மேல் விழுந்ததை எண்ணி அவள் கூசுகிறாள். தேனீக் கடிக்கும் கிருமிகளுக்கும் அஞ்சி நடுங்குகிறாள். எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆருவைவிட மினியைத்தான் விரும்பினார்கள். எனக்கும் அவளே பிடித்தவள்.

பாரதம் தெரிந்த வாசகருக்கு இந்தப் புத்தகம் தனியாக ஒரு மகிழ்ச்சியைத் தருகிறது. அழகு நிலையம் நடத்தும் பெண் தொட்டதையெல்லாம் சாம்பலாக்குவதைக் கண்டவுடன், பஸ்மாசுரன் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அடுத்து யார் தலையில் யார் கை வைக்கப் போகிறார் என்று ஆருவுக்கு முன்பே ஊகித்துவிடும். புறாவின் முழுப்பெயர் சுபலன் என்று தெரியவரும் இடத்திலும் அப்படித்தான். காந்தார நாட்டு அரசன் பெயரல்லவா அது என்று வகுப்பில் ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். அதற்குமேல் நான் பேசினால் வாக்குத் தவறிவிடும்.

திரௌபதி இந்த முதல் பாகத்தின் நடுவில் இல்லை என்பது ஆயாக்களின் பொதுவான மனக்குறை. ஐவரையும் பெண்களாக்கிவிட்டு, ஐவருக்கும் நடுவே நின்றவளை எங்கே கொண்டு வைப்பது என்ற சிக்கல் ஆசிரியருக்கு இருந்திருக்கும். சோக்ஷி குஜராத்தித் தந்தைக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்தவர். அவருக்கு வாய்த்த பாரதத்தில் அவள் அரசி. இங்குள்ளவர்களுக்கு அவள் அம்மன். ஒரு தமிழ்ப் பிள்ளை இதே கதையை எழுதியிருந்தால், விளக்கு ஏற்றப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் அவிழ்ந்த கூந்தலோடு ஒரு சிலை நிச்சயமாக நின்றிருக்கும்.

யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஆங்கிலம் தடையில்லாமல் படிக்கும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை முதல் பதின்மூன்று, பதினான்கு வயதுவரை தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்குக் கிண்டல்கள் சலிக்கத் தொடங்கும். புத்தகத்தின் இறுதியில் பெயர்களுக்கான விளக்கப் பகுதி ஒன்று இருக்கிறது. அதையும் ஆசிரியர் கேலியாகவே எழுதியிருக்கிறார், ஆகவே பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவதில்லை. வீட்டில் ஆயாவோ தாத்தாவோ இருந்தால், சூதாட்டக் கதையை முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு மாளிகை அத்தியாயத்துக்கு வரும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நூலகத்தில் எங்கள் கிளைக்கு வந்த பிரதி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன். வரிசையில் அடுத்திருப்பவர், பாதியில் மூடி வைத்த அந்தத் தந்தைதான்.