மதனகாமப்பூ: பூவே இல்லாத ஒரு பூ

வணக்கம். இன்று நேராகத் தட்டுக்கே வந்துவிடலாம். கேமராவைக் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? நான்கு செதில். தேங்காய் நார் நிறம், கட்டைவிரல் நீளம். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் குறுகி, மறுபக்கம் அகன்றிருக்கிறது. அகன்ற முனையில் ஒரு முள் மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. தடவிப் பார்த்தால் மெல்லிய ரோமம் விரலில் படுகிறது.

நாட்டு மருந்துக் கடையில் இதை மதனகாமப்பூ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆண்மைக்கு நல்லது என்று லேகியத்தில் சேர்ப்பது வழக்கம். மருந்தாக இது பலிக்குமா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. எனக்கு அந்தப் பெயரின் கடைசி எழுத்துதான் முக்கியம். இது பூ இல்லை. பூ என்ற ஒன்று உலகத்தில் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்த ஏற்பாடு இது.

செதிலைத் திருப்பிப் போடுகிறேன். லென்ஸை வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். இதோ, அடிப்பக்கம் முழுக்கக் கடுகு தெறித்த மாதிரி சின்னச் சின்னப் பைகள். இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கோடாக வெடித்துத் திறந்திருக்கிறது. இவைதான் மகரந்தப் பைகள். இந்த மாதிரி நூற்றுக்கணக்கான செதில்கள் சுருள் சுருளாக அடுக்கி, அன்னாசிப் பழம் போல ஒரு கூம்பு மரத்தின் உச்சியில் எழுந்து நிற்கும். அதை வெட்டி, உதிர்த்து, காயவைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள்.

மரத்தின் பெயர் சைக்கஸ் சர்சினாலிஸ். மலையாளத்தில் ஈந்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. மலபார் பக்கத்தில் இதன் விதையைப் பலமுறை ஊறவைத்து, நஞ்சை எடுத்துவிட்டு மாவாக்கிச் சாப்பிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குட்டையான பனை என்று நினைப்பீர்கள். ஆனால் பனைக்கும் இதற்கும் உறவே கிடையாது. பனை, தென்னை, வாழை, ரோஜா எல்லாம் பூக்கிற கூட்டம். சைக்கஸ் பூக்காத கூட்டம். பைன், கிங்கோ மரங்கள்தான் இதற்குப் பங்காளி முறை. அப்புறம், இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பெண் மரத்தில் இந்த மாதிரி கூம்பு வராது. இலை போன்ற ஓர் உறுப்பின் ஓரத்தில், எந்த மூடியும் இல்லாமல், விதை வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் ஆண் மரத்தின் மகரந்தம் பெண் மரத்துக்கு எப்படிப் போகிறது?

நெடுங்காலம் இதற்கு ஒரே பதில்தான் சொல்லி வந்தார்கள்: காற்று. பைன் மரத்துக்குக் காற்றுதானே? பூ இல்லை, இதழ் இல்லை, நிறம் இல்லை, எந்தப் பூச்சி வரப்போகிறது? இதைத் தலைகீழாக்கியவர்களில் முக்கியமானவர் நட் நார்ஸ்டாக் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். சைக்கஸும் அதன் சொந்தங்களும் சேர்ந்த கூட்டத்துக்குச் சைகாட் என்று பெயர். ஃபுளோரிடாவில் வளர்த்த மெக்சிகோ நாட்டுச் சைகாட் ஒன்றை அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1986-இல் எழுதினார்கள். சைக்கஸ் மாதிரி இல்லை, இந்த வகையில் பெண்ணுக்கும் கூம்பு உண்டு. ஆண் கூம்புக்குள் கூன்வண்டுகள் குடும்பமே நடத்துகின்றன. அங்கேயே முட்டை, அங்கேயே புழு, அங்கேயே கூட்டுப்புழு. புழுக்கள் கூம்பின் சதையைத் தின்று வளர்கின்றன. வண்டாகி வெளியே வரும்போது உடம்பெல்லாம் மகரந்தம். அதோடு பெண் கூம்புக்குள் நுழைந்தால் காரியம் முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் மேக்ரோசேமியா என்ற சைகாட் செய்யும் வேலை இதைவிட அதிசயம். இதை நான் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இங்கே தரகர் இலைப்பேன். ஆமாம், மிளகாய்ச் செடியில் விழுந்தால் விவசாயி வயிற்றெரிச்சல் படுவாரே, அந்த இனத்துப் பூச்சிதான். ஐரீன் டெர்ரியும் உடன் வேலை செய்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. காலையில் ஆண் கூம்புக்குள் இலைப்பேன்கள் மகரந்தத்தைத் தின்றுகொண்டு சுகமாக இருக்கின்றன. உச்சி வெயில் நெருங்கும்போது கூம்பு தானாகவே சூடேறத் தொடங்குகிறது. வெயில் பட்டு அல்ல, தன் சேமிப்பை எரித்து. சுற்றியுள்ள காற்றைவிட 12 டிகிரி வரை கூடுதல். கூடவே மிர்சீன் என்ற வாசனைப் பொருளைக் கொட்டுகிறது. மாங்காயிலும் எலுமிச்சம்புல்லிலும்கூட இருக்கிற பொருள்தான். கொஞ்சமாக இருந்தால் இலைப்பேனுக்குப் பிடிக்கும், அளவு மீறினால் தாங்காது. அடுப்படியில் மிளகாய் கருகினால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் வாசலுக்கு ஓடுவோமே, அந்த மாதிரி கூட்டமாக வெளியேறுகின்றன, உடம்பில் மகரந்தத்தோடு. பொழுது சாயச் சாயச் சூடு தணிகிறது, வாசனை இதமாகிறது. திரும்பி வருகின்றன. பெண் கூம்பும் அதே வாசனையைத்தான் விடுகிறது. கொஞ்சம் பேர் அங்கேயும் நுழைந்துவிடுகிறார்கள். அங்கே தின்ன மகரந்தம் கிடையாது. ஆனால் கொண்டுவந்ததைக் கொட்டியாகிவிட்டது.

முதலில் துரத்து, பிறகு கூப்பிடு. இதழும் இல்லாமல், நிறமும் இல்லாமல், வெறும் சூட்டையும் வாசனையையும் வைத்துக்கொண்டு ஒரு மரம் இதைச் செய்கிறது. இதை முதல்முறை படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, இது எவ்வளவு பழைய ஒப்பந்தம்? கல்லில் இதைப் பார்ப்பது கஷ்டம். மரம் கல்லாகும், இலை தடம் பதிக்கும், பூச்சியும் பதியும். ஆனால் பூச்சி மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும் அந்த ஒரு கணம் எங்கே பதியும்? மரப்பிசினில் பதியும். பிசின் கெட்டிப்பட்டு அம்பராகும்போது உள்ளே மாட்டிய பூச்சி மயிர்க்கால் கலையாமல் அப்படியே இருக்கும்.

ஸ்பெயினில் ஆலவா என்ற பகுதியில் கிடைத்த அம்பரில் இலைப்பேன்கள் இருந்தன. வயது 10.5 முதல் 11 கோடி ஆண்டு. 2012-இல் அறிவித்தார்கள். எல்லாம் பெண் பூச்சிகள். உடம்பில் ஒட்டியிருந்தது பூவின் மகரந்தம் அல்ல, சைகாட் அல்லது கிங்கோ வகை மரத்துடையது. மகரந்தத்தைப் பிடித்துவைக்க வசதியாக, வளையம் வளையமான அமைப்புள்ள விசேஷ ரோமங்களும் அவற்றுக்கு இருந்தன. வெறுமனே உரசிப் போனதில் ஒட்டிக்கொண்டது என்றால் அப்படி ஒரு ரோமம் எதற்கு? அதேபோல் மியான்மர் அம்பரில் 9.9 கோடி ஆண்டு பழைய வண்டு ஒன்று, அருகிலேயே சைகாட் மகரந்தத்தோடு கிடைத்தது. 2018-இல் வெளியானது. அந்த வண்டின் நெருங்கிய சொந்தம் இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில், சைகாட் கூம்பில்தான் வாழ்கிறது. ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மியான்மர் அம்பர் வருவது கச்சின் மாநிலத்தில், சண்டை நடக்கும் நிலத்திலிருந்து. அந்தப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியால் பல ஆய்வாளர்கள் அதை வாங்குவதையே நிறுத்தச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் சீனத்தில் ஜுராசிக் காலத்துப் பாறைகளில் கல்லிகிரம்மா குடும்பத்துப் பூச்சிகள் கிடைக்கின்றன. அகன்ற சிறகு, சிறகில் கண் போன்ற புள்ளி, உறிஞ்சுவதற்கு நீண்ட குழல். பார்த்தால் பட்டாம்பூச்சி என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் பட்டாம்பூச்சிகள் வருவதற்கு வெகு காலம் முன்பு வாழ்ந்த, வேறு வழியில் வந்த இனம். பூ இல்லாத உலகத்தில் அந்தக் குழலை வைத்துக்கொண்டு எதைக் குடித்தன? விதையாகப் போகும் சூல்களின் நுனியில் மகரந்தத்தைப் பிடிக்கச் சுரக்கும் இனிப்புத் துளியைத்தான் குடித்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

1879-இல் சார்லஸ் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், பூக்கும் தாவரங்கள் இவ்வளவு வேகமாகப் பெருகியதைப் பொறுக்கமுடியாத மர்மம் என்று எழுதினார். பூச்சிகள்தான் பூவை வளர்த்துவிட்டன என்று பிரான்சில் சபோர்டா என்ற தொல்தாவர ஆய்வாளர் சொன்ன யோசனை டார்வினுக்கு மிகவும் பிடித்திருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் பூ வந்தபோது பூச்சிகள் ஏற்கெனவே அனுபவப்பட்ட கூலிக்காரர்கள். பழைய முதலாளியிடம் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர்கள். அந்தப் பழைய முதலாளிகளில் ஒருவரின் வாரிசுதான் என் தட்டில் இருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பூவுக்கு முந்தைய உலகத்தைத் தோண்டியெடுத்தவர் பீர்பல் சாஹ்னி. தொல்தாவர ஆய்வில் ஒரு தலைவலி உண்டு. தண்டு ஓரிடம், இலை ஓரிடம், காய் ஓரிடம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்துவிடுவார்கள். ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் மலையிலிருந்து வந்த கற்களில் பக்லாண்டியா என்ற தண்டு, டிலோஃபில்லம் என்ற இலை, வில்லியம்சோனியா என்ற பூ மாதிரியான உறுப்பு, இவை மூன்றும் ஒரே செடிதான் என்று 1932-இல் சாஹ்னி காட்டினார். தன் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சீவர்டின் பெயரையே அதற்கு வைத்தார். பார்க்கப் பூ, சைகாட் போல இலை, ஆனால் இரண்டும் இல்லாத, வாரிசே இல்லாமல் போன ஒரு குலம். 1949 ஏப்ரல் 3-இல் லக்னோவில் அவருடைய ஆய்வு நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். தொல்லுயிர்த் துண்டுகளைப் பதித்துச் செய்த கல் அது. ஒரே வாரத்தில் சாஹ்னி இறந்துபோனார். அவர் மனைவி சாவித்திரி அந்த நிலையத்தைக் கட்டி எழுப்பினார்.

இன்னொன்றையும் நேர் செய்துவிடுகிறேன். சைக்கஸை 'வாழும் தொல்லுயிர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குலம் பழையது, சந்தேகமில்லை, 25 கோடி ஆண்டுக்கு மேல். ஆனால் 2011-இல் வந்த மரபணு ஆய்வு சொல்வது வேறு: இன்று உயிரோடு இருக்கும் சைகாட் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1.2 கோடி ஆண்டுக்குள் கிளைத்தவை. டைனோசர் பார்த்த மரம் இல்லை இது. டைனோசர் பார்த்த வீட்டில் புதிதாகப் பிறந்த பிள்ளை.

ஆனால் அந்தப் பிள்ளை நன்றாக இல்லை. சைக்கஸ் சர்சினாலிஸ் அழியும் ஆபத்தில் இருக்கும் இனம் என்று சர்வதேசச் செம்பட்டியலில் இருக்கிறது. காடு போவது ஒரு காரணம், இந்தக் கூம்பை வெட்டுவது இன்னொன்று. மகரந்தம் கொட்டுவதற்கு முன்னால் ஆண் கூம்பை வெட்டினால் பக்கத்தில் இருக்கும் பெண் மரத்துக்கு அந்த வருடம் விதை கிடையாது. கூம்பை நம்பியிருக்கும் பூச்சிக்கும் வீடு கிடையாது. தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

இந்த நான்கு செதிலும் நான் வாங்கியவை அல்ல. விஷயத்தைச் சொன்னதும் நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி டப்பாவின் அடியிலிருந்து உடைசலை எடுத்துக் கையில் வைத்தார். முப்பது வருடமாக விற்கிறாராம், மரத்தைப் பார்த்ததே இல்லையாம். "இது ஆம்பளப் பூன்னா, பொம்பளப் பூ எங்க தம்பி?" என்று கேட்டார். போனில் பெண் மரத்தின் படத்தைக் காட்டினேன். இலை ஓரத்தில் வரிசையாக, ஆரஞ்சு நிறத்தில் விதைகள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை முகத்துக்கு அருகே வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவர் சுக்கு கேட்டுக்கொண்டு நின்றார். "இதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் சுக்கை நிறுத்தார்.