வீட்டை ஓட்டிக்கொண்டு நகரத்துக்குள் போவது

வணக்கம் நண்பர்களே. தங்கிச் சமைத்து வாழும் வசதியுள்ள என் பெரிய வீட்டு வண்டியான ஆர்.வி.யின் ஓட்டுநர் இருக்கையிலிருந்துதான் பேசுகிறேன். ஆனால் வண்டி நிற்கிறது, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்துப் புறநகரில் உள்ள ஒரு முகாமிடத்துக்கு நேற்று மாலை வந்து சேர்ந்தேன். நகரப் போக்குவரத்தை இந்த வண்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இயன்றவரை நகரத்துக்குள் இதைக் கொண்டுபோவதே இல்லை என்பதுதான் என் பதில். தவிர்க்க முடியாமல் கடக்க நேர்ந்த இடங்களில் கற்றுக்கொண்டதை இன்று சொல்கிறேன்.

முதலில் உயரம். முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் இந்தத் தாளில் 12 அடி 6 அங்குலம் என்று எழுதியிருக்கிறேன். கையேட்டில் இதைவிடக் குறைவான அளவுதான் இருக்கிறது. கூரைமேல் குளிர்சாதனப் பெட்டி பிற்பாடு பொருத்தப்பட்டதால், நானே ஏணி வைத்து ஏறி அளந்து எழுதிய கணக்கு இது. பாஸ்டன் நகரில் ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் ஸ்டாரோ டிரைவ் சாலையில் பாலங்கள் ஏறத்தாழ 10 அடி உயரத்தில்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 ஒட்டி மாணவர்கள் வீடு மாறும்போது, வாடகை லாரிகள் அங்கே கூரையைக் கிழித்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிப்போனதால், ஊர்க்காரர்கள் அந்தச் சாலையின் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். சாதாரண வழிகாட்டிச் செயலி நம்மைக் கார் என்றே எண்ணிக்கொள்கிறது. உயரம், நீளம், எரிவாயு ஆகியவற்றைக் கேட்டு வழி சொல்லும் கருவியை வாங்குவது வீண் செலவன்று.

எரிவாயு என்றதும் நேற்றைய கதை. பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் செல்லும் இரண்டு சுரங்கச் சாலைகளிலும், ஆர்.வி.யில் அடுப்புக்குப் பயன்படும் எரிவாயுவான புரொப்பேனை உருளை ஒன்றுக்கு 10 பவுண்டுக்கு மேல் கொண்டுசெல்லும் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், மூடிய குகைப்பாதையில் இந்தத் தடை ஏன் என்பது விளங்கும். முன்பெல்லாம் இத்தகைய வண்டிகள் பால்டிமோரைச் சுற்றிச் செல்லும் 695 நெடுஞ்சாலையின் கிழக்குப் பக்கத்திலிருந்த கீ பாலத்தின் வழியாகவும் போகலாம். 2024 மார்ச் 26 அதிகாலையில் சரக்குக் கப்பல் ஒன்று மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. ஆகவே நான் மேற்குப் பக்கமாகச் சுற்றினேன். நகரத்தின் சுமை லாரிகளில் பெரும் பங்கும் என்னோடு சுற்றியது.

அந்த நெரிசலில் கடினமாக இருந்தது வண்டியை நகர்த்துவதன்று, மனத்தை அடக்குவதுதான். பத்து டன் எடை சட்டென்று நிற்காது என்பதால் முன்வண்டிக்கும் எனக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடுகிறேன். அதை ஏதோ தமக்காக ஒதுக்கிய இடம் என்று நினைத்து ஒரு கார் புகுந்துகொள்கிறது. நான் மறுபடி வேகத்தைக் குறைக்கிறேன். இன்னொரு கார் புகுகிறது. தொடக்கத்தில் எனக்கு ரோஷம் வந்ததுண்டு. பத்துக் கார்கள் புகுந்தாலும் நான் இழப்பது ஒரு நிமிடம்கூட இல்லை என்று கணக்கிட்ட பிறகு அது போய்விட்டது. வலது ஓரத் தடத்தில் வண்டிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும், திடீரென்று தடமே முடிந்தும் போகும் என்பதால், அதற்கு அடுத்த தடத்திலேயே நான் அசையாமல் இருந்துவிடுகிறேன்.

பின்னால் இழுத்து வரும் சிறிய காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிலடெல்பியாவின் பழைய பகுதியில், முழுக்க முழுக்க என் தவறால், ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு இருபுறமும் கார்கள் நிறுத்தியிருந்த குறுகிய தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துவரும் காரோடு பின்னோக்கி வர முடியாது. அதன் முன்சக்கரங்கள் தாமாகத் திரும்பி, இழுவைத் தண்டை முறுக்கிவிடும். எனவே நடுத்தெருவில் இறங்கிக் காரைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஹாரன் அடித்தவர்கள் நான் மண்டியிட்டுக் கொக்கியோடு போராடுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இறங்கிவந்து பின்னால் வந்த வண்டிகளைத் தடுத்தார். அன்றிலிருந்து, திருப்பம் தவறினால் நேராகவே போய்விடுகிறேன்.

திரும்பும்போது இன்னொன்று: முன்பக்கம் வலப்புறம் திரும்பினால், பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் இடப்புறம் வீசும். மூன்றடி நீட்சிக்கு ஏறக்குறைய ஓரடி வீச்சு என்பது ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு. என் வண்டிக்கு நீட்சி பத்தடி. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வலப்பக்கம் திரும்புவதில்லை.

நாளைக் காலையில் காரை மட்டும் எடுத்துக்கொண்டு கிரீன்பெல்ட் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மெட்ரோ ரயிலின் பச்சைத் தடத்தில் நகரத்துக்குச் செல்கிறேன். ஆர்.வி. ஞாயிற்றுக்கிழமை வரை இங்கிருந்து நகராது. அன்று காலை ஏழு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, தெற்கு நோக்கிக் கிளம்புகிறேன்.