உங்கள் லோகோவைக் கருவாட்டுக் கவரில் அடித்துப் பார்த்தீர்களா?

(திரையில்: ஒரு பிளாஸ்டிக் கவர், மிக அருகில்)

இந்தக் கவரைப் பாருங்கள். "பாமபன நெததிலி" என்று அச்சாகியிருக்கிறது. டிசைன் செய்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டரில் எல்லாப் புள்ளியும் இருந்தது. கவருக்கு வந்து சேர்வதற்குள் அத்தனையும் காணோம். அந்தப் புள்ளிகள் எங்கே போயின, போகாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் இன்றைய வீடியோ. தமிழில் லோகோ செய்கிற யாரும் இதைப் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வணக்கம் மக்களே! தொண்டி முதல் வாலிநோக்கம் வரை இந்தக் கடற்கரையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர்களைத் தேடி வருவது யார்? கருவாடு போடுகிற அக்கா, கருப்பட்டி வியாபாரி, மிளகாய் மண்டிக்காரர், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், பில் புத்தகம், கவர், ஃப்ளெக்ஸ் என்று எல்லாமே நம்மிடம்தான். நிறத்துக்கு சிஎம்ஒய்கே, படத்துக்கு 300 டிபிஐ, வெட்டும் ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். இதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், நாம் தாண்டிப் போவோம்.

நம் வாடிக்கையாளரின் லோகோ அதிகம் வாழப்போவது போன் திரையில் இல்லை. ஒரே நிறத்தில், ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்த கவரில்தான். அதனால் முதலில் அந்தக் கவருக்கு வரையுங்கள். அங்கே பிழைத்த லோகோ மற்ற எங்கேயும் பிழைக்கும்.

(திரையில்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை)

ஸ்கிரீன் பிரிண்டிங் எப்படி நடக்கிறது? மரச்சட்டத்தில் மெல்லிய வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஒளி பட்டால் இறுகுகிற ஒரு பூச்சைத் தடவுகிறார்கள். டிசைன் அச்சான ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், எழுத்து மறைத்த இடம் மட்டும் இறுகாது. தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்த இடம் திறந்துகொள்ளும். அதன் வழியாக ரப்பர் பட்டையால் மையைத் தள்ளுகிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது புள்ளியை நினைத்துப் பாருங்கள். எழுத்தோடு ஒட்டாமல் தலைக்கு மேல் தனியாக நிற்கிற குட்டி ஓட்டை அது. பிளாஸ்டிக்கில் அடிக்கிற மை சீக்கிரம் காய்கிற மை. முதல் சில கவரில் புள்ளி விழும். அப்புறம் அந்த ஓட்டையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பட்டறையில் காத்தாடி ஓடினால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். எழுத்தின் உடம்பு பெரிய திறப்பு, அதற்கு ஒன்றும் ஆகாது. போவது புள்ளி மட்டும்தான்.

சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் கதை தலைகீழ். அங்கே புள்ளி என்பது வலையில் இரண்டு மூன்று இழையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு துளி பூச்சு. கழுவும்போதே உதிர்ந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் முதலில் அடிபடுவது புள்ளிதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இது பிளாஸ்டிக் காலத்துப் பிரச்சினையே இல்லை! மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. ஆனால் பனை ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், நார் வழியே கிழியும். அதனால் சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவே இல்லை. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். பனைமரக் காட்டுக்கு நடுவே உட்கார்ந்து லோகோ செய்கிற நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

அந்தப் பழக்கம் அச்சுக்கும் வந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் தலைப்பே "தமபிரான வணககம" என்றுதான் இருக்கும். அதைக் கொண்டுவந்த போர்ச்சுகீசியரான அன்றிக்கி பாதிரியார் முத்துக்குளித்துறைக் கரையில் வேலை பார்த்தவர். அந்தக் கரை நம் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளை வரை நீண்டது. ஓலைக்கும் ஸ்கிரீனுக்கும் ஒரே இடத்தில் வலிக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, தீர்வு. ஃபாண்டில் வருகிற புள்ளியை அப்படியே விடாதீர்கள். தனியாக எடுத்து, எழுத்துக் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் பெரிதாக்குங்கள். கவரில் அடிக்கிற அளவில் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் வேண்டும் என்பது என் கணக்கு. எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே இடைவெளியையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மை பரவி ஒட்டிக்கொள்ளும். திரையில் பார்க்க லேசாக அசிங்கமாகத் தெரியும், பரவாயில்லை. நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் புள்ளி நின்றால் கவரிலும் நிற்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, கவர் வாங்கும்போது மேல்பரப்பு ட்ரீட்மெண்ட் செய்ததா என்று கேளுங்கள். செய்யாத பிளாஸ்டிக்கில் மை பிடிக்காது. கருவாட்டு எண்ணெய் பட்டால் உரிந்து வரும். ஒரு செல்லோ டேப்பை ஒட்டி இழுத்தாலே தெரிந்துவிடும்.

(திரையில்: நீள மிளகாயும் முண்டு மிளகாயும்)

அடுத்து மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நெட்டிலிருந்து இறக்கிய நீள மிளகாய்ப் படத்தையே லோகோவில் வைக்கிறார்கள். முண்டு உருண்டை ஐயா! அந்த உருண்டைதான் அதன் அடையாளம். தயவுசெய்து மண்டிக்குப் போய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வரையுங்கள்.

பாம்பன் பாலம் வேண்டும் என்று லாட்ஜ்காரர் கேட்டால் எந்தப் பாலம் என்று கேளுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு இறக்கை எழும்பின. 2025-ல் திறந்ததில் நடுத்துண்டு நேராக மேலே போகும். எதுவானாலும் அந்த அசைவை மட்டும் வரையுங்கள். தூண், கம்பி எல்லாம் கார்டு அளவில் ஒரே கறைதான்.

கருவாட்டுக் கவருக்கு ஒரு செலவுக் குறைப்பு. உணவுக் கவரில் போட வேண்டிய அசைவக் குறி என்பது பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். லோகோவையும் அதே பழுப்பில் செய்துவிட்டால் ஒரே ஸ்கிரீன், ஒரே தடவை அச்சு. இரண்டாவது நிறத்துக்கு அக்கா காசு கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, ஃபைல் கொடுக்கும்போது எழுத்தை எல்லாம் கர்வ் ஆக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுங்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் செய்ததை அந்த ஃபாண்ட் இல்லாத கடையில் திறந்தால், கடைப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும்தான் வரும். கர்வ் செய்த பிடிஎஃப் ஒன்று, ஒரே நிறத்தில் ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒரு பிஎன்ஜி. மூன்றையும் வாடிக்கையாளரின் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். போன் மாற்றினாலும் லோகோ அவர்களிடமே இருக்கும்.