ஏன் இவ்வளவு லேட்டு?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எனக்கும் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஓடி வருவார், பிள்ளைக்கு மூச்சு வாங்கும், நாம் இன்னும் ஸ்டெதாஸ்கோப்பைக்கூட காதில் மாட்டியிருக்க மாட்டோம், அதற்குள் கேட்டுவிடுவோம்: "ஏன் இவ்வளவு லேட்டு?"

இன்றைக்குப் பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

2023-ல் உலகம் முழுக்க சுமார் 48 லட்சம் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 1990-ல் இது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் இருந்தது, அதனால் முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிறந்த முதல் மாதத்தைத் தாண்டிவிட்ட பிள்ளைகளைக் கொண்டுபோவதில் பெரும்பங்கு நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா இந்த மூன்றுக்கும்தான். மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் இருக்கிறது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் இருக்கிறது, மலேரியாவுக்கும் நல்ல மாத்திரை இருக்கிறது. ஏழை நாடுகளில் பிள்ளைதான் மருந்து இருக்கும் இடத்துக்கு வந்து சேருவதில்லை.

பல வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு நாட்டில், ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ராத்திரி ஒரு பெண் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு வந்தார். விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழ விழ மூச்சு இழுக்கிறது அந்தப் பிள்ளை. நான் வழக்கம்போலக் கேட்டேன், நர்ஸ் அவருடைய மொழியில் சொன்னார். பிள்ளையைப் படுக்க வைத்து, ஊசி போட்டு, எல்லாம் ஆன பிறகு அந்த அம்மா அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். கேட்டதையே நான் மறந்திருந்தேன்.

முதல் நாள் காய்ச்சல். யார் வீட்டுப் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வருவதில்லை, வீட்டில் கிடந்த மாத்திரையில் பாதியைக் கொடுத்தார். இரண்டாம் நாள் மூச்சு வேகமானது, சூட்டில் அப்படி இருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் கிளம்பிவிடலாம் என்று பார்த்தால் கணவர் வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருக்கிறார், காசும் அவரிடம், போகலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டியவரும் அவர். ஆள் அனுப்பி, பதில் வரச் சாயங்காலம் ஆயிற்று. நான்காம் நாள் மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நடந்து அருகிலிருந்த சுகாதார நிலையத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. அங்கே இருந்த ஒரே பணியாளர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டாராம். திரும்பி நடந்து, கடன் வாங்கி, மோட்டார் சைக்கிள்காரர் ராத்திரி என்பதால் இரண்டு மடங்கு கேட்டு, அதையும் கொடுத்து, எங்கள் வாசலுக்கு வந்தால் முதலில் சீட்டு எழுதிக்கொண்டு வா என்று வரிசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள்தான்.

என்ன சமைத்தாய் என்று கேட்டால் சொல்வதுபோல, குறை எதுவும் இல்லாமல் இதையெல்லாம் சொன்னார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த நான்கு நாட்களில் அவர் 'சும்மா' இருந்தது ஒரே ஒரு ராத்திரி. பிள்ளை பிழைத்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சப் பேச்சு உங்கள் காதில் விழாது.

1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்கள் என்று எழுதினார்கள். வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைக்கும் தாமதம். அவர்கள் எழுதியது பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களைப் பற்றி, ஆனால் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. "ஏன் லேட்டு" என்று கேட்கும்போது மூன்றையும் சேர்த்து அம்மா தலையில் கட்டிவிடுகிறோம். மூன்றாவது நம்முடையது.

முதல் தாமதத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, என்னை எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் வரமாட்டேன். மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம், வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணவேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. மறுபடியும் சொல்கிறேன், 50, 40. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், டாக்டரும் வேண்டாம், நிமிடம் காட்டும் கருவி ஒன்றும் பயிற்சியும் இருந்தால் அந்தந்தக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளரே எண்ணி, அங்கேயே அமாக்சிசிலின் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2012-ல் சேர்ந்து வலியுறுத்தியது இதைத்தான்.

அப்புறம் காசு. ஆப்பிரிக்காவில் உகாண்டா 2001-ல் அரசு சுகாதார நிலையங்களில் கட்டணத்தை நீக்கியது, சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் நீக்கியது, புர்கினா ஃபாசோ 2016-ல். நீக்கியதும் கூட்டம் வந்தது, நல்லதுதான். ஆனால் சீட்டு இலவசம் என்பதற்காக மோட்டார் சைக்கிள்காரர் இலவசமாக ஏற்றிக்கொண்டு வரமாட்டார், உள்ளே மருந்து தீர்ந்துபோனால் வெளிக்கடையில்தான் வாங்கவேண்டும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். ஆக்சிஜனைப் பற்றிப் பேச எழுதிக்கொண்டு வந்தேன், அதை விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று மட்டும். மலேரியா முற்றிய பிள்ளைக்குப் பெரிய மருத்துவமனை போகும்வரை தாக்குப்பிடிக்க, ஆசனவாயில் வைக்கும் ஆர்ட்டிசுனேட் மருந்து ஒன்று உண்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா, உகாண்டாவில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த அளவுக்கு உயிர்கள் மிஞ்சவில்லை. காரணங்களில் ஒன்று, போய்ச் சேர்ந்த பிள்ளைகளிலும் பலருக்கு அங்கே முழு வைத்தியம் கிடைக்கவில்லை. சரி, விளக்கு சிவப்பாகிவிட்டது, வருகிறேன், வணக்கம்.