ஜன்னல் இல்லாத சுவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் பெர்லின் படங்கள் என்று போட்டுவிட்டார்கள், பிராண்டன்பர்க் வாயிலை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், அந்தப் படம் என்னிடம் கிடையாது. சுற்றுலா வருகிறவர் இரண்டே நாளில் எடுக்கிற படத்தை நானும் எடுத்து என்ன ஆகப்போகிறது? ஆராய்ச்சிக்காக ஒரு ஊரில் வருடக்கணக்கில் தங்குகிறவருக்குச் சம்பளம் சுமார்தான், ஆனால் ஒரே தெருவை எல்லாப் பருவத்திலும் பார்க்கலாம், பக்கத்திலேயே நல்ல நூலகமும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

பெர்லினில் நடந்து போனால், ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லாமல் மொட்டையாக நிற்கிற சுவர்கள் அடிக்கடி கண்ணில் படும். பிராண்ட்வாண்ட் என்பார்கள், தீ பரவாமல் தடுக்கிற சுவர். 1862-இல் ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர் போட்ட நகரத் திட்டத்தில் தெருக்கள் அகலம், தெருக்களுக்கு நடுவே இருந்த மனைகளோ ரொம்பப் பெரியவை, அதனால் கட்டியவர்கள் முன்வீடு, முற்றம், பின்வீடு, மறுபடி முற்றம் என்று உள்ளே உள்ளே நெருக்கிக் கட்டிக்கொண்டே போனார்கள். முற்றம் எவ்வளவு இருந்தால் போதும் தெரியுமா? 1853-ஆம் வருட விதிப்படி 5.34 மீட்டர் சதுரம். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு வேண்டும், அதுதான் கணக்கு. உள்ளே குடியிருப்பவருக்கு வெயில் வருமா என்று யாரும் கேட்கவில்லை! பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில் ஜன்னலும் கிடையாது. அப்புறம் போர் வந்தது, குண்டு விழுந்து பக்கத்து வீடு போய்விட, மறைந்திருந்த சுவர் தெருவுக்குத் தெரிய ஆரம்பித்தது. இதைப் படித்த பிறகு என் ஃபிரேமில் சுவர் ஓரத்துக்குப் போனது, காலி மனை நடுவுக்கு வந்தது. இப்போது அந்த மனைகளில் ஒவ்வொன்றாகப் புதுக் கட்டிடம் எழும்புகிறது, ஆகவே எடுப்பவர்கள் சீக்கிரம் எடுங்கள்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகலிலேயே சூரியன் 14 டிகிரி உயரம்தான், சென்னையில் அதே நாளில் 53. நாலு மணிக்குள் அஸ்தமனம். மேகம் விலகாத வாரங்களில் நம் ஊர்க்காரர்கள் கேமராவை அலமாரியில் வைத்துவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பெர்ன்ட், ஹில்லா பெஷர் என்ற ஜெர்மன் புகைப்படக் கலைஞர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் இந்த மாதிரி மந்தமான வானத்தின் கீழேதான் காத்திருந்து எடுத்தார்கள், நிழல் விழாது, செங்கல்லும் இரும்பும் அப்படியே தெரியும். மொட்டைச் சுவருக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

கட்டிடத்தைப் படம் எடுப்பது பற்றிக் காப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிற கட்டிடத்தின் வெளித்தோற்றத்தைத் தெருவில் நின்று எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். தெருவில் நிற்பது என்றால் நிஜமாகவே தெருவில். வியன்னாவில் இருக்கிற ஹுண்டர்ட்வாசர் வீட்டை எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்துக்கு இந்தச் சலுகை கிடையாது என்று 2003-இல் ஜெர்மன் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, டிரோனுக்கும் கிடையாது என்று 2024-இல் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்டோ என்ற கலைஞர் துணி சுற்றிய ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டிடமும் அப்படித்தான், துணி சில நாள்தானே இருந்தது, நிரந்தரம் இல்லையே. ஆட்களை நெருங்கி எடுத்த படத்தை வெளியிடுவதென்றால் அவர்களிடம் அனுமதி கேளுங்கள், அங்கே அது 1907-ஆம் வருடச் சட்டம்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், படங்களைப் போடுகிறேன். முதல் பத்தும் சுவர்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.